பீச்சாங்கைச் சரஸ்வதி

ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பாதகமில்லை.

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே கொண்டாட்டம். டிராயிங் சாருக்கு எண்பது நிறைந்துவிட்டதாம், பொன்னாடை போர்த்தப் போகிறோமாம், நானும் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பாராட்டுரையை நான்தான் வாசிக்க வேண்டுமாம். நம்மில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "சார் ஒரு பிள்ளையக் கூட அடிச்சதே இல்ல." அதற்குக் கீழே பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தீர்கள். யார் யார் என்று பார்த்தேன். எல்லோரும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்தான்.

அடித்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பிள்ளையை. அந்த அடியை வாங்கிக் கொடுத்தவள் நான். உங்களுக்கு அது மறந்துவிட்டது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி நின்ற அந்த ஓட்டுக் கட்டடத்தில் டிராயிங்குக்கென்று தனியாக வாத்தியார் கிடையாது. பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சார், செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் சைக்கிளில் வந்து நமக்கும் எடுத்துவிட்டுப் போவார். அவர் வருகிற நாளில் நம் தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், அந்தப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டார். அவருக்கு டிராயிங் என்றால் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிற நேரம், அவ்வளவுதான்.

சாருடைய முறை உங்களுக்கு நினைவிருக்கும். அரைப்படம். ஒரு நூலில் சாக்பீஸ் பொடியைத் தடவுவார். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இழுத்து விட்டால் கரும்பலகையில் பட்டென்று ஒரு கோடு விழும். கோட்டுக்கு இடப்பக்கம் பாதிக் குத்துவிளக்கை அவர் வரைவார். மறுபாதியை நாம் வரைய வேண்டும். ஸ்கேலால் அளந்து, புள்ளி வைத்து, புள்ளியைச் சேர்த்து. குத்துவிளக்கு, கும்பம், வண்ணத்துப்பூச்சி என்று வருடம் முழுக்க அரை அரையாகத்தான் உலகத்தைக் காட்டினார்.

"டிசைன்னா என்னட்டி? இந்தப் பக்கம் என்ன இருக்கோ, அதே அந்தப் பக்கமும் இருக்கணும். அம்புட்டுதான்" என்பார்.

முப்பது வருடம் நானும் பிள்ளைகளிடம் அதையேதான் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. ஆனால் மார்க் போடுவதற்கு ரொம்ப வசதி.

அரைப்படத்தில் முதல் ஆள் நான்தான். என் அப்பா தாலுகா ஆபீசில் இருந்தார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வாங்கி வந்த பன்னிரண்டு கலர் பென்சில் பெட்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. உங்களுக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பேன், வரையக் கொடுக்க மாட்டேன். சார் என் நோட்டை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொன்னால் மிகையில்லை.

கடைசிப் பலகையில் ஒருத்தி இருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பா இல்லை. காலையில் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள், சாயங்காலம் போய் மறுபடி உட்காருவாள். பாவாடையில் எப்போதும் புகையிலைத் தூள் நெடி அடிக்கும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் வரிசையாகத் தும்முவது நம் விளையாட்டு. பொய்த் தும்மல். இதுவும் மறந்துவிட்டதா? அவள் மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாள். தன்னைக் கேலி செய்கிறோம் என்று தெரிந்தேதான் சிரித்தாள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

அவள் இடது கைக்காரி. அந்தக் கையில் பென்சிலைப் பிடித்தால் பெரிய டீச்சர் குட்டுவார் என்பதால் எழுதுவதெல்லாம் வலது கையில். அந்த எழுத்து கோணலாக, கண்றாவியாக இருக்கும். அவளை மக்கு என்றே எல்லோரும் வைத்திருந்தோம்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சார் பாதிக் குத்துவிளக்கை வரைந்துவிட்டு, சும்மா விளையாட்டாக அவளைக் கூப்பிட்டார். சாக்பீசை வலது கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நாம் சிரித்தோம்.

"என்னட்டி முழிக்க?"

"இத அழிச்சிட்டு மொதல்ல இருந்து வரையட்டுமா சார்?"

வாத்தியார் வரைந்ததை அழிக்கவா என்று ஒரு பிள்ளை கேட்டதே அதிசயம். அதைவிட அதிசயம், சார் சரி என்றது. டஸ்டரால் துடைத்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு சாக்பீசை எடுத்துக்கொண்டாள். விளக்கின் நுனியில் இரண்டையும் ஒன்றாக வைத்து, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இறக்கினாள். கூம்பு, அகல், தண்டு, வளையம், அடிப்பீடம் என்று விளக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்கி வந்தது. அறையில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சார் ஸ்கேலை எடுத்து அளந்தார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். நூலளவு வித்தியாசம் இல்லை.

"யாருட்டி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார். பீடி இலை வெட்டுதம்லா. அளவுத் தகரத்த வச்சுத்தான் வெட்டணும்னு அம்ம சொல்லுவா. நான் வைக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் தானா ஒண்ணா வரும்."

நம்மில் யாரோ, "பீச்சாங்கைக்காரி" என்றோம். யாரோ என்ன, நான்தான். சார் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அந்தச் சொல்ல என் கிளாசுல இனி யாரும் சொல்லக் கூடாது. இடங்கைன்னு சொல்லணும். சாமி ரெண்டு கை குடுத்திருக்கது ஒண்ணு கழுவுததுக்கும் ஒண்ணு திங்கதுக்கும் மட்டும் இல்ல."

அந்தப் பேச்சுக்காக இன்றைக்கும் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம். நான் மறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளை முன் பலகைக்குக் கூட்டி வந்தார். என் இடத்தில். என்னை ஒரு ஆள் தள்ளி உட்காரச் சொன்னார். ஒரு முழம்கூட இருக்காது அந்தத் தூரம். வீட்டுக்குப் போய் அந்தப் பென்சில் பெட்டியைப் பரணில் தூக்கி எறிந்தேன்.

அதன் பிறகு அவள் வரைந்தது எல்லாம் முழுப்படம். நாம் புள்ளி வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் மாடு, நாற்று நடுகிறவர்கள், வாய்க்காலில் முங்கி எழுகிற எருமை என்று போய்க்கொண்டே இருந்தாள். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இல்லாத படங்கள். சார் அதையெல்லாம் ஒரு அட்டைக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார்.

ஆவணியில் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். ஐந்தாவது முடிந்ததும் மகளை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தவள். சார் அவளை வேப்பமரத்தடியில் நிறுத்திப் பேசினார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"பாளையங்கோட்டைல ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கு தாயி. விடுதியும் சாப்பாடும் அவுகளே பாத்துக்கிடுவாவ. டிராயிங் நல்லா வாற பிள்ளை ஒண்ண நம்ம ஸ்கூல் இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்தா எடுத்துக்கிடுவாவ. சரஸ்வதி பூசைக்கு அவரு வாராரு. ஒம் மவ வரைஞ்சதப் பாத்தாருன்னா வேற பேச்சே கெடையாது."

"எனக்கு அதெல்லாம் என்ன சார் தெரியும்? நீங்க சொல்லுதிய, நான் கேக்கேன். பூசை வரைக்கும் பொறுக்கேன். சீட்டு கெடச்சா போகட்டும். கெடைக்கலன்னா ஆறாப்பு கெடையாது. எனக்கு ஒத்தையில சுத்தி முடியல."

அவ்வளவுதான் விஷயம். அவள் இனி வரைவாளா, பீடி சுற்றுவாளா என்பது ஒரு படத்தில் இருந்தது. அது எனக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பூசைக்கு விடுமுறை விடுவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் படையல். அதற்கு இரண்டு நாள் முன்னே நாம் அடுப்புக்கரியும் ஊமத்தை இலையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசினோம். கை ஒரு வாரத்துக்குக் கறுத்துக் கிடக்கும். சார் கலர் சாக்பீசைச் சீனித் தண்ணீரில் ஊற வைத்தார், வர்ணம் உதிராமல் பளிச்சென்று நிற்பதற்காக. படையலுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் சரஸ்வதியை வரையத் தொடங்கினாள். நாம் நாலைந்து பேர் நூல் பிடிக்கவும் சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கவும் நின்றோம். வெள்ளைத் தாமரை, வீணை, மயில். முகத்தை மட்டும் இடது கையால் தனியாக, மெதுவாக வரைந்தாள். வரைந்து முடித்ததும் நான்கூடக் கொஞ்ச நேரம் பொறாமையை மறந்துவிட்டேன். அதுதான் அவள் செய்த பெரிய குற்றம் என்று பிறகு தோன்றியது.

கிளம்பும்போது சார் மெல்லிய குரலில் என்னிடமும் மற்றவர்களிடமும் சொன்னார்: "எந்தக் கையால வரைஞ்சான்னு பெரிய டீச்சர்ட்ட யாரும் போய்ச் சொல்ல வேண்டாம், என்ன?"

அவருக்குப் பயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவரே காட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் படத்தில் எறும்பு மொய்த்திருந்தது. சீனித் தண்ணீர் வேலை. அவள் ஒவ்வொன்றாக ஊதி ஊதித் தள்ளினாள், விரலால் தொட்டால் படம் கலைந்துவிடும் என்று. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பை விழுந்த, நல்ல மனுஷர். பெரிய டீச்சர் படத்துக்கு முன்னால் நம் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் தொட்டு, சூடம் காட்டினார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டது, நாம் எல்லோரும் தோப்புக்கரணம் போட்டது எல்லாம் அவள் வரைந்த சாமிக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் சுண்டல் கிண்ணத்தோடு படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"வரைஞ்சது யாரு சார், நீங்களா?"

சார் அவளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இந்தப் பிள்ளை சார்."

"அடேயப்பா. சரி, பாளையங்கோட்டைக்கு இவ பேரையே எழுதிருங்க டீச்சர், கையெழுத்துப் போடுதேன்."

பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். நான் கையைத் தூக்கினேன். வலது கையைத்தான்.

"டீச்சர், அவ பீச்சாங்கையால சாமிய வரைஞ்சா."

பெரிய டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு படத்தைப் பார்த்தார், சூடத் தட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"ஏட்டி மூதி, எந்தக் கையால வரைஞ்ச?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விரலில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது. பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?" என்று பெரிய டீச்சர் டிராயிங் சாரிடம் திரும்பினார்.

இங்கேதான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு சொல். தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நாலைந்து பேர் கூடவே நின்றோம், சொல்லியிருந்தால் மிஞ்சிப் போனால் ஒரு முணுமுணுப்போடு முடிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் சுண்டலில்தான் கவனமாக இருந்தார்.

"தெரியாது டீச்சர்" என்றார் சார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்கு ஏதோ மறந்துவிட்டது, தான்தான் ஞாபகப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அவருக்காகப் பேசினாள்.

"சாமிக்கே ரெண்டு பீச்சாங்கை இருக்குல்லா டீச்சர். அதுலயும்தான வீணை வாசிக்கி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். சுண்டல் புரையேறியது. நாமும் சிரித்தோம். பெரிய டீச்சர் முகம் செத்துப்போனது. டிராயிங் சார் மேசையில் கிடந்த அந்த நீள ஸ்கேலை எடுத்தார், அவளுடைய விளக்கை அளந்த அதே ஸ்கேலை.

"கைய நீட்டு."

அடி வாங்க நீட்டுவது வலது கை. அவள் வலது கையை நீட்டினாள்.

"அது இல்ல. பீச்சாங்கைய நீட்டு. திருப்பு."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டேன். புறங்கையில், விரல் முட்டியில், ஸ்கேலின் விளிம்பு விழுந்தது. நாம் எண்ணினோம். ஒருத்தி தொடங்கினாள், எல்லோரும் சேர்ந்துகொண்டோம், வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில். இன்ஸ்பெக்டர், "போதும் சார், சின்னப் பிள்ளை, எந்தக் கையா இருந்தா என்ன" என்றார். அவர் சொன்னதற்குப் பிறகும் நாலு விழுந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அதோடு விடவில்லை. தீட்டுப்பட்ட படத்தை அவளே அழிக்க வேண்டும் என்றார் பெரிய டீச்சர். ஈரத் துணியை வலது கையில் கொடுத்தார். சீனித் தண்ணீர் ஊறிய வர்ணம் லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க சாமி முகம் நீலமும் சிவப்புமாக இழுபட்டு, பலகை முழுக்கப் பரவியது. முடிந்ததும் அவளை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

படையலுக்குச் சாமி வேண்டுமே. "நீ வாட்டி" என்று பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஈரப் பலகையில் கால் மணி நேரத்தில் நான் ஒரு சரஸ்வதியை வரைந்தேன். புள்ளி வைத்து, அளந்து, வலது கையால். வீணை மண்வெட்டி மாதிரி இருந்தது. மயில் கோழியாகிவிட்டது. பெரிய டீச்சர் அதற்கும் சூடம் காட்டினார், நீங்களும் மறுபடி தோப்புக்கரணம் போட்டீர்கள். இன்ஸ்பெக்டருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேனா திறந்தே இருந்தது. என் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. விரல் வீங்கிப் பற்றுப் போட்டிருப்பதாக நம்மில் யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னோம். பிறகு அதையும் பேசுவதை விட்டுவிட்டோம். செவ்வாயும் வெள்ளியும் சார் வந்தார், நூலில் பொடி தடவினார், அரைப்படம் போட்டார். முன்பைவிட அன்பாக இருந்தார். நீங்கள் நினைவில் வைத்திருக்கிற சார் அந்த ஆறு மாதத்துச் சார்தான். யாரையும் அடிக்கவில்லை, அதட்டவில்லை.

என்னைப் பாளையங்கோட்டையில் சேர்க்க அப்பாவோடு அவரும் வந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அப்பா டிக்கெட் எடுக்கப் போனபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ செஞ்சது சரின்னும் நெனைக்காத, தப்புன்னும் நெனைக்காத. படிக்கிற வழியப் பாரு." நான் கலரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

படித்தேன். வரைந்தேன். வேலை கிடைத்தது. வண்ணார்பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் இருந்தபோது, ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு பெண் தன் மகளைக் கூட்டி வந்தாள். விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரையும் அவள் பெயரையும் பார்த்துத்தான் அந்தக் கடைசிப் பலகைக்காரி என்று தெரிந்துகொண்டேன். என் வயதுதான், பத்து வயது கூடுதலாகத் தெரிந்தாள். கையெழுத்துப் போடச் சொன்னேன். வலது கையில் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை அதற்குள் என் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, என் பழைய அட்டையில் எதையோ வரையத் தொடங்கியிருந்தது. இடது கையால்.

அம்மா வெடுக்கென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இவளும் பீச்சாங்கை டீச்சர். நீங்கதான் திருத்தணும். அடிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கும் இருந்துச்சு. ஒரு சார் அடிச்சுத்தான் போச்சு. இல்லன்னா மாமியார் வீட்டுல சோறு பரிமாற விட்டிருப்பாவளா?"

"நீ வரைவியா?" என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"நானா? எனக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்று சிரித்தாள், மூக்கைச் சுருக்கி. "நீங்க எந்த ஊரு?"

"வள்ளியூர்" என்றேன்.

மகளுக்கு அந்தக் கையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். பேச்சு வளரும், ஊர் வரும், பள்ளிக்கூடம் வரும், யார் கையைத் தூக்கியது என்பது வரும். அதனால் அவள் கேட்டதையே செய்தேன். அடிக்கவில்லை, சத்தியமாக அடிக்கவில்லை. அந்தப் பிள்ளை இடது கையில் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய், சிரித்தபடி, அதை வாங்கி வலது கையில் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் அது புள்ளி வைத்து வரையப் பழகிவிட்டது. மார்க் எண்பதுக்குக் குறையாது.

ஆண்டு விழாவன்று அம்மா வந்திருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த, புள்ளி வைத்து முழுதாக்கிய மகளின் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அந்தப் பிள்ளை அவள் பக்கத்தில் இடது கையைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றது. அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க சாருக்கு இந்தப் பக்குவம் இல்ல டீச்சர்" என்றாள். "ஒத்த அடி அடிக்காமத் திருத்திட்டியளே."